வாவிக்கரையில் இரு உடன்படிக்கைகள்

புளியந்தீவிலே, மட்டக்களப்பு வாவியின் ஓரத்தில் நிற்கும் பழங்கோட்டையை அறியாதார் எம்மூரில் இலர். அதன் மதிலடியில் நிற்கும்போதெல்லாம், நாடுகள் தம்முள் பேசிக்கொள்ளும் முறை எவ்வளவு மாறிவிட்டது என்னும் எண்ணம் என்னுள் எழுகின்றது.

1601ஆம் ஆண்டு மே மாதம் ஒல்லாந்திலிருந்து புறப்பட்ட ஸ்பில்பேர்கன், 1602 மே 31இல் மட்டக்களப்பை அடைந்தார். பின்னர் கண்டி சென்று விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். ஓராண்டுக் கடல்வழியைக் கடந்து வந்த தூதுவர், ஐயம் எழுந்தால் தம் நாட்டைக் கேட்டறிவது எங்ஙனம்? தூதுவரின் சொல்லே அவர் நாட்டின் சொல்லாக நின்ற காலம் அது.

1638 மே 18இல் போர்த்துக்கேயரின் மட்டக்களப்புக் கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாட்களின் பின் இரண்டாம் இராசசிங்கனும் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டும் இங்கேயே உடன்படிக்கை செய்துகொண்டனர். கைப்பற்றும் கோட்டைகளில் ஒல்லாந்தப் படை தங்குவது மன்னன் விரும்பினால் மட்டுமே என மன்னனின் படி கூறிற்று. ஒல்லாந்தரின் படியிலோ அந்நிபந்தனை இல்லை. 1656இல் கொழும்பைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், அதனை மன்னனிடம் கையளிக்க மறுத்தனர்.

இன்று அத்தகைய வஞ்சனை எளிதன்று. உடன்படிக்கைகளைப் பதிவுசெய்து வெளியிட வேண்டுமென ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 102ஆம் உறுப்புரை விதிக்கின்றது. பன்மொழிப் பாடங்களுக்குப் பொருள்கொள்ளும் முறையை 1969ஆம் ஆண்டின் வியன்னாச் சமவாயம் வகுத்துள்ளது. தூதுவரின் பணியும் சுருங்கிற்று. தலைவர்களே விமானமேறிச் சென்று கையொப்பமிடுகின்றனர். 1987 யூலை 29இல் ராஜீவ் காந்தி கொழும்புக்கு வந்து, ஜே. ஆர். ஜயவர்த்தனாவுடன் ஒப்பந்தம் செய்ததும் அவ்வாறே.

அவ்வொப்பந்தம் எம் மண்ணையும் பற்றியது. வடக்கும் கிழக்கும் தற்காலிகமாக இணைக்கப்படும். இணைப்பு நீடிப்பதா என்பதை 1988 டிசம்பர் 31க்கு முன்னர் கிழக்கு மக்கள் வாக்களித்துத் தீர்மானிப்பர் என அது கூறிற்று. வாக்கெடுப்பைப் பிற்போடும் அதிகாரமும் சனாதிபதிக்கு அதிலேயே இருந்தது. வாக்கெடுப்பு பின்போடப்பட்டுக்கொண்டே சென்றது, ஒருபோதும் நடைபெறவில்லை. 2006இல் உயர் நீதிமன்றம் இணைப்புச் செல்லாதெனத் தீர்ப்பளித்தது. 2007 சனவரி முதலாம் நாள் மாகாணங்கள் பிரிந்தன.

என் மூத்தப்பா அந்த வாக்கெடுப்பை எதிர்பார்த்திருந்தவர். எப்பக்கம் வாக்களித்திருப்பார் என்பதை அவர் ஒருபோதும் கூறியதில்லை. “கேட்பம் எண்டு எழுதினாங்க மகன், கேட்கல்ல” என்பதே அவர் குறை. இம்மாகாணத்துத் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் யாவரும் ஒரே விடையை அளித்திருப்பர் என்று நான் கருதவில்லை. ஆயினும் அவர்களுள் எவரிடமும் வினா கேட்கப்படவில்லை.

1638இல் படிகள் இரண்டாயிருந்தன. அதனால் மன்னன் ஏமாந்தான். 1987இல் வாசகம் ஒன்றே, உலகறிய வெளியிடப்பட்டது. எனினும் எழுதப்பட்டது நிறைவேறவில்லை. இராசதந்திரத்தின் கருவிகள் மாறின, விதிகள் வளர்ந்தன. ஆனால் எவருடைய நிலத்தைப் பற்றி உடன்படிக்கை எழுதப்படுகின்றதோ அவர்கள் இன்றும் அம்மேசைக்கு வெளியிலேயே நிற்கின்றனர். அவர்களுக்கும் ஓர் ஆசனம் இடப்படும் நாளையே இராசதந்திரத்தின் உண்மையான நவயுகம் என நான் கொள்வேன்.