மஞ்சள் பணமும் தீப்பெட்டி காரும்

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் மூன்றரை ஏக்கர் வைத்திருக்கும் குடும்பம் அது. மஞ்சள், வாழை, நான்கு கறவை மாடுகள். கணவன், மனைவி, எழுபதைத் தாண்டிய மாமியார், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். வாழைத்தார் ஏற்ற ஒரு பிக்கப் வண்டி உண்டு. மற்ற எல்லா வேலைக்கும் மருமகளின் மொபெட்தான்.

சென்ற ஐப்பசி மழையில் ஒருநாள், மாமியாரைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு கண் டாக்டரிடம் புறப்பட்டார் மருமகள். வாய்க்கால் கரைச் சேற்றில் வண்டி சறுக்கிச் சாய்ந்தது. மருமகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. மாமியாருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பிக்கப் அன்று சந்தையில் நின்றது. ஆட்டோ வந்து சேர முக்கால் மணி நேரம் ஆனது. அதுவரை கையைப் பிடித்துக்கொண்டு மழையிலேயே மதகுத் திண்டில் உட்கார்ந்திருந்தார் மாமியார். ஆறு வாரம் மாவுக்கட்டு. "இனி இந்த வண்டியில நான் ஏற மாட்டேன் அம்மணி" என்று சொல்லிவிட்டார். அடுத்த கண் பரிசோதனைக்கும் அவர் போகவில்லை.

பங்குனியில் மஞ்சள் விற்று, கடன் கட்டியது போக 1,60,000 ரூபாய் மிஞ்சியது. இன்னொரு வண்டி வேண்டும் என்பதில் கணவருக்கும் மறுப்பில்லை. ஆனால் அவர் கண் வைத்திருந்தது பத்து வருடம் ஓடிய ஒரு பெரிய டீசல் காரின் மேல். மிச்சப் பணம் முழுவதையும் கொடுத்து, மேலே இரண்டரை லட்சம் கடனும் வாங்க வேண்டும். "நாளைக்குப் பொண்ணு கேட்டு வர்றவங்க வாசல்ல என்ன நிக்குதுன்னு பார்ப்பாங்க அம்மணி" என்றார்.

"ஏனுங்க, ஒரு மாசம் மட்டும் பொறுங்க" என்றார் மனைவி. பால் கணக்கு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், வீட்டை விட்டு வண்டி எடுத்த ஒவ்வொரு முறையும் எங்கே, எவ்வளவு தூரம், எத்தனை பேர், என்ன சுமை என்று எழுதி வந்தார். 30 நாளில் 52 பயணம். அதில் 44 பயணம் 8 கிலோமீட்டருக்குள். பால் சொசைட்டி, மருந்துக்கடை, பள்ளி, ரேஷன், உழவர் சந்தை. 38 முறை வண்டி எடுத்தவர் மனைவிதான். நான்கு பேருக்கு மேல் போனது மூன்றே முறை. அதிகபட்சச் சுமை 50 கிலோ தீவன மூட்டை ஒன்று. நோட்டைப் பார்த்த கணவர் அன்று இரவு ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை, "சரி, நீயே பாரு" என்றார்.

மனைவி பார்த்தது பழைய டாடா நானோ. 2009-ல் 'ஒரு லட்ச ரூபாய் கார்' என்று வந்தது நினைவிருக்கும். ஸ்கூட்டரில் நெருக்கியடித்துப் போகும் குடும்பங்களைப் பார்த்துத்தான் அந்த எண்ணம் வந்ததாக ரத்தன் டாட்டா சொல்லியிருக்கிறார். இப்போது புதிதாக வருவதில்லை. பழையதுதான் கிடைக்கும்.

இரண்டு வண்டிகள் விலைக்கு வந்தன. ஒன்று 2011 மாடல், 45,000 ரூபாய். மற்றது 2016 மாடல், 85,000 ரூபாய். முதலாவதில் பின்கதவு திறக்காது. மூட்டையைப் பக்கக் கதவு வழியாகத்தான் திணிக்க வேண்டும். பவர் ஸ்டியரிங்கும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அது முடிந்தால் தகுதிச் சோதனை, பசுமை வரி, புதுப்பிப்பு என்று அலைய வேண்டும். 2016 மாடலில் பின்கதவு திறந்தது, ஸ்டியரிங் ஒரு கையால் திரும்பியது. தெரிந்த மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போய், அடிப்பாகத் துருவையும் இன்ஜின் ஆயில் கசிவையும் பார்க்கச் சொல்லி, 78,000 ரூபாய்க்கு முடித்தார்.

படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றினார்கள். காப்பீட்டையும் 14 நாளுக்குள் தங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்தார்கள். பலரும் கோட்டை விடுவது இந்த இரண்டாவதில்தான்.

ஊரில் முதலில் சிரிப்புத்தான். "தீப்பெட்டிக்குச் சக்கரம் வச்ச மாதிரி இருக்குது" என்றார் பங்காளி ஒருவர். பெட்ரோல் பங்க்கில் பையன் காரைச் சுற்றிச் சுற்றி வந்து மூடியைத் தேடினான். முன்பக்க பானெட்டைத் திறந்துதான் பெட்ரோல் போட வேண்டும். இன்ஜின் இருப்பது பின்னால், இரண்டே சிலிண்டர், 624 சி.சி. அதனால் பின்பக்கச் சாமான் இடம் சூடாகும். பால் கேனையும் மாட்டு மருந்தையும் அங்கே வைக்கக் கூடாது என்று ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டார் மனைவி. கேன் இப்போது முன்சீட்டின் கீழே கால் வைக்கும் இடத்தில் போகிறது. முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு. டயர் வாங்கப் போகும்போது அளவைச் சீட்டில் எழுதிக்கொண்டு போகிறார்.

நீளம் மூன்று மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அகலம் ஒன்றரை மீட்டர். பிக்கப் திரும்ப முடியாத வாய்க்கால் கரையில் இது திரும்புகிறது. கூரை உயரம் என்பதால் மாமியார் குனியாமல், முழங்காலை மடக்கிச் சிரமப்படாமல் ஏறுகிறார்.

குறையையும் சொல்ல வேண்டும். 2014-ல் நடந்த மோதல் சோதனையில் நானோ ஒரு நட்சத்திரம்கூட வாங்கவில்லை. இவர்கள் வாங்கிய வண்டியில் காற்றுப்பையும் இல்லை. அதனால் மனைவி முதல் நாளே ஒரு சட்டம் போட்டார். பைபாஸ் ரோட்டுக்கு இந்தக் கார் போகாது, நாற்பதுக்கு மேல் முள் ஏறாது, பின்சீட்டிலும் பெல்ட் உண்டு. ஈரோட்டுக்குப் போவதென்றால் பஸ்தான். கணவர் ஒருமுறை மீறப் பார்த்தபோது சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார்.

43 வயதில் எல்.எல்.ஆர். போட்டு, 30 நாள் கழித்துத் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கியவர் அவர். ஓட்டிப் பழகிய முதல் நாள், பக்கத்தில் உட்கார ஆள் தேடினார். மாமியார்தான் வந்து உட்கார்ந்தார். "நீ ஓட்டு அம்மணி, எனக்குப் பயமில்லை" என்றாராம். அடுத்த வாரமே கண் பரிசோதனைக்கும் போய்வந்தார்கள். ஒரு கண்ணில் புரை முற்றியிருந்தது. இப்போது அறுவை முடிந்து, பேத்தியின் பாடப்புத்தகத்தைத் தானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்.

மிச்சமிருந்த 82,000 ரூபாயில், பெயர் மாற்றச் செலவும் காப்பீடும் போக, பழுதாகிக் கிடந்த சொட்டுநீர்க் குழாய்களை மாற்றிவிட்டார்கள். மாதத் தவணை என்று எதுவும் இல்லை.

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள். இரண்டாவது வண்டி வாங்க நினைக்கும் வீடுகளில், முதலில் ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பாருங்கள். அதை அதிகம் ஓட்டப்போவது யார் என்று பார்த்து, அவர் கையில் முடிவை விடுங்கள். பெண் பார்க்க வருகிறவர்கள் ஒருநாள்தான் வாசலில் நிற்பார்கள். பால் கேன் தினமும் போக வேண்டும்.