குர்துபாவில் ஒரு சனிக்கிழமை

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஸ்பெயினின் செவில் நகரில் பயின்ற நாள்களில், வார இறுதிதோறும் எங்கேனும் புறப்பட்டுவிடுவேன். அல்ஹம்ராவைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். உங்களை நான் அழைத்துச் செல்ல விரும்புவது குர்துபாவுக்கே. அதிவேக இரயிலில் முக்கால் மணி நேரப் பயணம்தான்.

முதலாம் அப்துர் ரஹ்மான் எட்டாம் நூற்றாண்டில் தொடங்கிய பள்ளிவாசல் அது. உள்ளே நுழைந்தால் எங்கெங்கும் தூண்கள்! எண்ணூறுக்கும் மேற்பட்டவை. செந்நிறமும் வெண்ணிறமும் மாறிமாறி வரும் இரட்டை வளைவுகளின் கீழ் நிற்கையில், பேரீச்சந்தோப்பினுள் நிற்பதாகவே தோன்றும். 1236-இல் நகரம் கைமாறியதும் அது தேவாலயமாயிற்று. பதினாறாம் நூற்றாண்டில் நடுத்தூண்களை அகற்றிப் பெருங்கூடம் எழுப்பினர். ஆயினும் இரண்டாம் ஹகம் அமைத்த மிஹ்ராபின் பொற்சில்லுகள் இன்றும் மின்னுகின்றன.

அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதியில்லை. அறிந்தே சென்றேன், எனினும் மிஹ்ராபின் முன் என் கைகள் தாமே உயர்ந்தன. காவலர் பார்ப்பதற்குள் தாழ்த்திக்கொண்டேன். விருந்தாளி வீட்டு ஒழுங்கை மீறலாகுமா?

வெளியேறி, ரோமானியர் பாலத்தைக் கடந்தேன். கீழே குவாதல்கிவிர் ஆறு. 'அல்வாதில் கபீர்' என்ற அரபுப் பெயரின் திரிபே அது. கரையில் திசைகாட்டியை வைத்தேன். மக்காவின் திசை கிழக்கை ஒட்டியிருந்தது. மிஹ்ராபோ தெற்கை ஒட்டி நிற்கிறது! அந்தப் புல்தரையில் லுஹரைச் சுருக்கித் தொழுது சலாம் கொடுத்தபோது, அக்கரையில் மணி ஒலித்தது.