அடுப்பு புகைந்தால் விறகா வைப்போம்?

பிளவக்கல் அணையில் தண்ணீர் திறந்துவிட்ட சமயம். கூமாப்பட்டியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தொழி உழவு. மலையடிவாரத்தில் 2 ஏக்கர் வைத்திருக்கும் அந்த விவசாயியின் டிராக்டர் மட்டும் சேற்றில் நாலு சால் போவதற்குள் கரும்புகையைக் கக்கித் திணறியது. நாற்றுக்கு 27 நாள் ஆகிவிட்டது. இன்னும் முற்றினால் தூர் கட்டாது. கூலிக்கு ஒத்துக்கொண்ட உழவும் பாக்கி. அந்தக் கூலியை நம்பித்தான் டிராக்டர் கடன் தவணை.

பக்கத்து வயல்காரர் வந்து பார்த்தார். "டீசல் பத்தலை அண்ணாச்சி. பம்புல ஸ்க்ரூவைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்க. இழுவை தானா வரும்" என்றார். மெக்கானிக்குக்குப் போன் போட்டாயிற்று.

சோற்றுத் தூக்கோடு வரப்பில் வந்த மனைவி புகையைப் பார்த்தார். "அடுப்பு புகைஞ்சா விறகையா அள்ளி வைப்போம்? ஊதுகுழலைத்தானே எடுப்போம்!"

எரிச்சலில் இருந்தவருக்கு முதலில் கோபம்தான் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் யோசனை வந்தது. முந்தின மாதம் முழுக்க வைக்கோல் கட்டும் இயந்திரத்தோடு தூசியில் ஓடிய வண்டி அது. ஏர் கிளீனரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். உள்ளே இருந்த ஆயில் களியாகக் கிடந்தது. மேலே கம்பி வலை முழுக்கச் சுணையும் உமியும்.

டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினைந்து, இருபதில் ஒரு பங்காக அழுத்தும். அந்த அழுத்தத்தில் காற்று 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அதில் நாசில் டீசலைப் பீய்ச்சியதும் பற்றிக்கொள்ளும். 1 லிட்டர் டீசல் முழுதாக எரியக் குறைந்தது சுமார் 10,000 லிட்டர் காற்று வேண்டும். புகையில்லாமல் எரிய அதற்கும் மேலே வேண்டும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒவ்வொரு வெடிப்புக்கும் கூடுவது டீசல்தான், காற்று கூடுவதில்லை. காற்று வரும் வழி அடைத்திருக்கும்போது ஸ்க்ரூவைக் கூட்டினால், எரியாத டீசல் கரியாகப் போகும். இன்ஜின் சூடேறும். மிஞ்சிய டீசல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயிலைக் கழுவி, ரிங்கைத் தேய்த்துவிடும். இரண்டு நாள் இழுவைக்கு இன்ஜினையே பிரிக்க வேண்டி வரலாம்.

வலையை டீசலில் அலசி, காயவிட்டு, குறியிட்ட அளவுக்குப் புது ஆயில் ஊற்றினார். புகை பாதிக்கு மேல் குறைந்தது. மிச்சப் புகைக்கு, மாலையில் வந்த மெக்கானிக் நாசில்களைச் சோதித்தார். ஒன்று பீய்ச்சாமல் சொட்டிக்கொண்டிருந்தது. அதை மாற்றினார். பம்பின் சீலைத் தொடவே இல்லை. 30-ஆம் நாள் நடவு முடிந்தது.

புகையின் நிறத்தைப் பாருங்கள். கறுப்பு என்றால் காற்று குறைவு, நாசில் பழுது, அல்லது தாங்காத சுமை. நீலம் என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது தண்ணீர் கலக்கிறது. தூசி வேலையென்றால் ஆயில் கிண்ணத்தைத் தினமும் பார்க்க வேண்டும். குறிக்கு மேல் ஆயில் ஊற்றவும் கூடாது. இன்ஜின் அதை உள்ளே இழுத்துவிடும்.

அவர் இப்போதெல்லாம் காலையில் டீசல் அளவைப் பார்ப்பதற்கு முன் அந்தக் கிண்ணத்தைத்தான் கழற்றிப் பார்க்கிறார்.