அடுத்த வருஷம்

யாத்திரை போய்விட்டு வந்தவர்கள் எழுதுவதுதான் வழக்கம். நான் இன்னும் போகவில்லை. டிக்கெட் மட்டும் வாங்கியிருக்கிறேன். ஆனாலும் மூன்று மாதமாக ஒரு பழைய டயரியையும் ஒரு மலைப் படத்தையும் மேஜைமேல் விரித்து வைத்துக்கொண்டு, நான் ஏறி இறங்கிய மலைகளுக்குக் கணக்கில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு ருத்ரப்பிரயாகையில் இருப்பேன். "பால் ஆறிப் போறதுடா" என்று அம்மா குரல் கொடுத்தால் திருவையாற்றுக்குத் திரும்பிவிடுவேன்.

டயரி அப்பாவுடையது. 2012-ஆம் வருஷத்து டயரி. அப்பா டில்லியில் மத்திய சர்க்கார் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் கோப்பு எழுதியவர். எதை எழுதினாலும் ஆபீஸ் தோரணை வந்துவிடும். முதல் பக்கத்தில் "பத்ரி யாத்திரை – உத்தேசம்" என்று தலைப்புக் கொடுத்து அடிக்கோடு போட்டிருக்கிறார். அதன் கீழே நாள், ஊர், தங்குமிடம், செலவு என்று நாலு பத்தி. கடைசியில் "எதிர்பாராதது" என்று ஒரு வரி; அதற்கு எதிரே ஐயாயிரம் ரூபாய். எதிர்பாராததற்குக் கூட உத்தேசம் போட்ட மனுஷர் அவர்.

வழக்கமாக வடக்கே போகிறவர்கள் மேற்கேயிருந்து கிழக்காகப் போவார்கள். யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதாரம், கடைசியில் பத்ரி. அப்பாவும் அப்படித்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அவர் பட்டியலில் ஐந்தாவதாக இன்னோர் ஊரும் இருக்கிறது. ஹேம்குண்டம். அது சீக்கியர்களின் ஸ்தலம். திருவையாற்றுக்காரர் ஒருவருடைய யாத்திரையில் அது எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

டில்லியில் நாங்கள் கரோல்பாக்கில் குடியிருந்தோம். அடுத்த வீட்டில் ஒரு சர்தார்ஜி. மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். அப்பாவைவிட ஏழு வயது இளையவர். அப்பாவை "பாயி சாஹப்" என்பார். அம்மாவை "பாபிஜி" என்பார். அவர் மனைவி எனக்குச் சாச்சி. 1984 நவம்பர் மாதத்து முதல் மூன்று நாட்கள் டில்லியில் சீக்கியர்களுக்கு நேர்ந்ததை நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மூன்று ராத்திரியும் அவர்கள் எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தார்கள். எனக்கு அப்போது ஐந்து வயது. விளக்கைப் போடாமல் அம்மாவும் சாச்சியும் இருட்டில் சப்பாத்தி இட்டது நினைவிருக்கிறது. அப்பா வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தார். மூன்று நாளும் அதே பேப்பர்.

சர்தார்ஜியின் கடை எரிந்து போயிற்று. பிறகு வேறொரு தெருவில் சிறிதாகத் தொடங்கினார். அந்த மூன்று நாட்களைப் பற்றி அவரும் பேசியதில்லை, அப்பாவும் பேசியதில்லை. இரண்டு பேரும் சாயங்கால வேளைகளில் பேசியதெல்லாம் யாத்திரையைப் பற்றித்தான். "நீங்கள் என்னோடு ஹேம்குண்டத்துக்கு வாருங்கள், நான் உங்களோடு பத்ரிக்கு வருகிறேன்" என்பார் சர்தார்ஜி. "அதற்கென்ன, அடுத்த வருஷம் போவோம்" என்பார் அப்பா. கடைக் கடன், அக்காவின் கல்யாணம், என் படிப்பு என்று அடுத்த வருஷம் ஒவ்வொரு வருஷமும் ஒரு வருஷம் தள்ளிக்கொண்டே போயிற்று.

இரண்டு ஸ்தலத்துக்கும் ரிஷிகேசத்திலிருந்து ஒரே பாதைதான். அலகநந்தாவைப் பிடித்துக்கொண்டே போக வேண்டும். தேவப்பிரயாகை, ருத்ரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, சமோலி, ஜோசிமடம். நம் ஊர் வைஷ்ணவர்களுக்கு இந்தப் பாதை அந்நியமானதல்ல. தேவப்பிரயாகைதான் பெரியாழ்வார் பாடிய கண்டமென்னும் கடிநகர். ஜோசிமடத்தைத் திருப்பிரிதி என்று கொண்டாடுகிறோம். பத்ரியில் மூலஸ்தானத்தில் பூஜை செய்கிற ராவல் கேரளத்து நம்பூதிரி.

ஜோசிமடத்துக்கு அப்பால் சுமார் இருபது கிலோமீட்டரில் கோவிந்த்காட் என்று ஓர் ஊர். அங்கேதான் பாதை பிரிகிறது. நேரே போனால் இருபத்தைந்து கிலோமீட்டரில் பத்ரி. கார் கோயிலுக்குக் கிட்டத்தில் போய்விடும். வலப்பக்கம் பாலத்தைத் தாண்டினால் ஹேம்குண்டம். அதற்குச் சிறிது தூரம்தான் வண்டி. பிறகு காங்க்ரியா வரை ஒரு நாள் நடை. மறுநாள் விடிவதற்குள் புறப்பட்டு ஆறு கிலோமீட்டர் செங்குத்தான ஏற்றம். பதினாலாயிரம் அடிக்கு மேலே ஏரி, ஏரிக் கரையில் குருத்வாரா. அங்கே ராத்தங்க இடம் கிடையாது. வழிபட்டு, லங்கரில் கொடுக்கிற கிச்சடியையும் சூடான தேநீரையும் சாப்பிட்டுவிட்டு, வெயில் சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும்.

பத்தாவது குருவான கோவிந்த சிங், முற்பிறப்பில் தாம் ஏழு சிகரங்கள் சூழ்ந்த ஹேமகுண்டமலையில் தவம் செய்ததாக 'பசித்தர் நாடக்'கில் சொல்லியிருக்கிறார். அந்த இடம் எது என்று வெகுகாலம் தெரியாதிருந்தது. 1930-களில் சோஹன் சிங் என்ற ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர் அதைத் தேடிக்கொண்டு மலைக்குப் போனார். மலைவாசிகள் காலங்காலமாக லோகபாலர் ஏரி என்று வணங்கி வந்த நீர்நிலையைப் பார்த்து, இதுதான் அது என்று நிச்சயித்தார். முதலில் கட்டினது ஒரு சின்ன அறை. அதே கரையில் லட்சுமணருக்கும் கோயில் இருக்கிறது.

இதை அம்மாவுக்குச் சொன்னபோது, "அப்போ கோவிந்த்காட்டுங்கறது நம்ம பெருமாள் பேர் இல்லையா?" என்று கேட்டாள்.

"அவங்க குருவோட பேர்மா."

"கூப்பிட்டா ரெண்டு பேரும்தான் திரும்பிப் பார்ப்பாங்க" என்றாள்.

இனி என் கதை. 2012-இல் அப்பா இந்த டயரியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். அவருக்கு அப்போது அறுபத்தெட்டு வயது. "அடுத்த வாரத்துக்குள் பார்த்துச் சொல்லு" என்றார். எனக்கு ஒரு தொடர்கதை நடந்துகொண்டிருந்தது. "அடுத்த வருஷம் ஜூன்லே போயிடலாம்பா" என்றேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் 2012 என்பதை அடித்து 2013 என்று எழுதிக்கொண்டார். அந்தத் திருத்தம் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. 2013 மே மாதம் வந்தது. பையனைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றேன். அது பொய்யில்லை. ஆனால் அதற்குப் பத்து நாள் தேவையில்லை.

ஜூன் 16, 17 தேதிகளில் கேதாரத்துக்கு மேலே பேய்மழை கொட்டிற்று. சோராபாரி ஏரி உடைந்து மந்தாகினி புரண்டு வந்தது. ஆயிரக்கணக்கான ஜனங்கள் போய்விட்டார்கள். கோயில் மட்டும் நின்றது; பின்னால் உருண்டு வந்து நின்ற ஒரு பாறை வெள்ளத்தைப் பிரித்துவிட்டது என்றார்கள். அப்பா டயரியில் கேதாரத்துக்கு முன்னால் "ராம்பாரா – இளைப்பாறல்" என்று எழுதியிருந்த ஊர் அடியோடு இல்லாமற் போயிற்று. கோவிந்த்காட்டிலும் அலகநந்தா கரையை அரித்துக் கட்டிடங்களைக் கொண்டுபோயிற்று.

ஊரில் எல்லோரும் என்னைப் புகழ்ந்தார்கள். "நல்லவேளை, நீ நிறுத்தினே. உன்னாலேதான் அப்பா பிழைச்சார்" என்றார்கள். நான் மறுக்கவில்லை. என் சோம்பலுக்கு ஒரே நாளில் தீர்க்கதரிசனம் என்று பெயர் வந்துவிட்டது. அத்தனை பேர் மாண்ட வெள்ளத்தை எனக்குச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு, ஒரு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன். இதை இதுவரையில் யாரிடமும் சொன்னதில்லை.

அப்பாவும் என்னை விடுவிக்கத்தான் பார்த்தார். ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "அப்பருக்கே கயிலாயம் திருவையாறுன்னு ஆயிடுத்து. எனக்கென்ன? நான் இங்கேயே இருக்கேன்" என்று சிரித்தார். திருவையாற்றில் பிறந்தவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் அப்பர் வடக்கே நடந்தார். கால் தேய்ந்ததும் கையால் ஊர்ந்தார். கையும் தேய்ந்ததும் மார்பால் தவழ்ந்து, புரண்டு போனார். அதற்குப் பிறகுதான் அவருக்குத் திருவையாற்றில் காட்சி கிடைத்தது. என் அப்பாவை நான் திண்ணையைவிட்டு எழுந்திருக்கவே விடவில்லை.

2015-இல் அப்பா காலமானார். கடைசி இரண்டு வருஷமும் யாத்திரைப் பேச்சையே எடுக்கவில்லை.

பிறகும் எனக்குச் சாக்குகளுக்குக் குறைவில்லை. 2020-இல் கொள்ளைநோய். 2023 ஜனவரியில் ஜோசிமடத்தில் பூமி இறங்கி வீடுகள் விரிசல் விட்டன. பேப்பரில் படத்தைப் பார்த்ததும், "அந்த மலைப்பக்கம் யார் போவார்கள்?" என்று மனசுக்குள் ஒரு குரல் சந்தோஷமாகக் கேட்டது. அந்தச் சந்தோஷம் எனக்குப் பழக்கமானதுதான்.

இந்தச் சித்திரையில் சர்தார்ஜி டில்லியிலிருந்து கூப்பிட்டார். "பேட்டா, எனக்கு எழுபத்து நாலு முடிந்துவிட்டது. உன் அப்பாவுக்குக் கொடுத்த வார்த்தை பாக்கி நிற்கிறது. நீ வருகிறாயா?" என்றார். வழக்கமான பதில் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அதற்குள் அம்மா சமையலறையிலிருந்து, "யாரு, சர்தார்ஜியா? எப்போ கிளம்பணுமாம்?" என்றாள். எங்கே, எதற்கு என்று அவள் கேட்கவில்லை. எப்போது என்றுதான் கேட்டாள்.

அன்று ராத்திரி டயரியைத் தேடி எடுத்தோம். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

"கவனிச்சியா? யமுனோத்ரி, கங்கோத்ரி, கேதாரம் எல்லாம் பென்சில்லே எழுதியிருக்கார். பத்ரியும் ஹேம்குண்டமும்தான் மை" என்றாள்.

அந்த டயரியை நான் பத்துத் தடவையாவது புரட்டியிருப்பேன். கதை எழுதுகிறவன் என்று பெயர். என் கண்ணில் இது படவேயில்லை. ஆபீசில் அப்பாவுக்கு அது வழக்கம். மாறக்கூடியது பென்சில், மாறக்கூடாதது மை.

அதற்கப்புறம் திட்டம் போடுவது சுலபமாகிவிட்டது. கேதாரம் கௌரிகுண்டத்திலிருந்து இப்போது பதினாறு கிலோமீட்டர் ஏற்றம். அம்மாவின் முழங்காலும் இளைப்பும் அதற்கு ஒத்துக்கொள்ளா. "ஹெலிகாப்டர் இருக்கிறது அம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். "பென்சில்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

எந்த மாதம் என்பது அடுத்த கேள்வி. வைகாசி, ஆனியில் போனால் கூட்டம் சொல்லி முடியாது. ஹேம்குண்டத்துப் படிகளில் பனி கிடக்கும். ஆடி, ஆவணியில் மழை. மலை சரிந்து பாதை அடைபடும். மிச்சம் இருப்பது புரட்டாசி. மழை ஓய்ந்திருக்கும், ஹேம்குண்டம் ஐப்பசிக்கு முன்பே மூடிவிடும். புரட்டாசியில் பெருமாள் தரிசனம் என்றதும் அம்மாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

டாக்டரிடம் போனோம். ஒரே நாளில் பத்தாயிரம் அடி ஏறக்கூடாது, வழியில் தங்கித் தங்கிப் போக வேண்டும், பத்ரியில் ஒரு ராத்திரிக்கு மேல் வேண்டாம் என்றார். மருந்து எழுதிக் கொடுத்தார். அம்மா அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். கூடவே பச்சைக் கற்பூரமும் ஒரு பொட்டலம் வைத்துக்கொண்டாள். இரண்டில் எதை நம்புகிறாள் என்று நான் கேட்கவில்லை. அரசாங்கத்தில் யாத்திரிகர்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ள வேண்டும், கைபேசியிலேயே முடிந்துவிட்டது.

ஆக, நாங்கள் போகிற விதம் இதுதான். டில்லியில் சர்தார்ஜியும் சாச்சியும் சேர்ந்துகொள்கிறார்கள். ரிஷிகேசம், ருத்ரப்பிரயாகை, ஜோசிமடம் என்று மூன்று ராத்திரி. நாலாம் நாள் பத்ரி. மறுநாள் கோவிந்த்காட்டுக்கு இறங்கி, அம்மாவையும் சாச்சியையும் அங்கே குருத்வாராவில் விட்டுவிட்டு, நானும் சர்தார்ஜியும் மேலே ஏறுகிறோம். அவர் குதிரை வேண்டாம் என்கிறார். நான் வேண்டும் என்கிறேன். இந்த ஒரு விஷயம் இன்னும் தீரவில்லை.

"ரெண்டு பேரும் மூணு நாள் தனியா இருப்பீங்களா?" என்று அம்மாவைக் கேட்டேன்.

"முன்னேயும் மூணு நாள் இருந்திருக்கோமே" என்றாள். நாற்பது வருஷத்தில் அதைப் பற்றி அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது. நான் மேலே கேட்கவில்லை.

ஹேம்குண்டத்து ஏரியிலிருந்து வழிகிற தண்ணீர் காங்க்ரியாவில் இன்னோர் ஆற்றோடு சேர்ந்து, லட்சுமண கங்கை என்ற பெயரில் கோவிந்த்காட்டுக்கு வந்து அலகநந்தாவில் விழுகிறது. பத்ரியைத் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீரும் அதுவும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன. அந்தக் கரையில்தான் இரண்டு பேரும் எங்களுக்காக உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்.

ஒன்று பாக்கி. பத்ரியில் பிரம்மகபாலம் என்று ஓர் இடம் உண்டு. பித்ருக்களுக்குப் பிண்டம் போடுகிற இடம். எங்கள் நாள் மகாளய பட்சத்தில் விழுகிறது. அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போக வேண்டிய படிகளில், அவருக்காக எள்ளும் பிண்டமும் எடுத்துக்கொண்டு இறங்கப் போகிறேன். அதில் என் மனசு ஆறிவிடும் என்று நான் நினைக்கவில்லை. போகாமலிருந்தால் ஆறாது என்பது மட்டும் தெரிகிறது.

நேற்று ராத்திரி டயரியில் காலியாயிருந்த பக்கத்தில் புதுத் திட்டத்தை எழுதினேன். நாள், ஊர், தங்குமிடம், செலவு. அப்பாவைப் போலவே நாலு பத்தி. ரயில் தாமதிக்கலாம், மலை சரியலாம், அம்மாவுக்கு மூச்சு முட்டலாம் என்று எண்ணிப் பென்சிலை எடுத்திருந்தேன். அம்மா பின்னால் வந்து நின்று பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் அலமாரிக்குப் போய், அப்பாவின் பேனாவை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள்.