ஆளியின் மறதி

விழா மலருக்குத் தமிழ்ச்சுவை ததும்பும் கட்டுரை ஒன்று வரைந்தனுப்புமாறு மலராசிரியர் பணித்திருந்தார். சங்கச் செய்யுள் ஒன்றைப் பற்றி எழுத அமர்ந்த யான், எம் பாடசாலை அலுவலக அலமாரியின் மேலிருக்கும் சிறிய இரும்புப் பெட்டியொன்றைப் பற்றி எழுத நேர்ந்தமையை நம் கல்லூரி அன்பர்கள் பொறுத்தருள்வாராக.

அதற்குப் பாடநூலார் இட்ட பெயர் வலையமைப்பு ஆளி என்பது. ஆளி என்றதும் கோயில் தூணிலே துதிக்கை நீட்டி நிற்கும் விலங்கே எனக்கு முதலில் நினைவில் வரும். இவ்வாளியோ ஒரு கணினியிலிருந்து வரும் செய்தி எந்த வாயிலுக்குரியது என அறிந்து அவ்வாயிலுக்கே அனுப்பிவைப்பது. எம் அலுவலகக் கணினிக்கும், பழைய இடாப்புகளின் படங்களைத் தாங்கிய சேமிப்புப் பெட்டிக்கும் இடையே நிற்பது அது ஒன்றே.

அவ்விடாப்புகளைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். எம் பாடசாலை ஹட்டனுக்கு அப்பால், தேயிலைத் தோட்டமொன்றின் நடுவே உள்ளது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் எம்மவருட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964இல் இரு பிரதமர்கள் ஒப்பமிட்டு 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டனர். 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கு நிலையாக வாழ்ந்தோர்க்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. ஆயினும், இன்னார் இன்ன லயத்தில் பிறந்தார் என்பதற்குத் தாள் வேண்டுமே! பிறப்புப் பதிவு இல்லாத பலர்க்குப் பாடசாலைச் சேர்வு இடாப்பே அத்தாள். எம்மிடமுள்ள பழைய இடாப்புகளைப் பூஞ்சணம் தின்றுகொண்டிருந்தமையால், விடுமுறை நாள்களில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துச் சேமித்தோம். சில பக்கங்கள் பின்னர் தாமாகவே உதிர்ந்து போயின. அவற்றுக்குப் படமே மூலமாயிற்று.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், நாடெங்கும் மின்சாரம் நின்றது. பாணந்துறை மின் உபநிலையத்திலே குரங்கொன்று புகுந்ததே காரணம் என அமைச்சர் கூறினார். 1950 முதல் இலக்சபானையிலே மின் பிறப்பித்துவரும் மலை எம் மலை; எனினும் அன்று எமக்கும் இருளே. சிறு மின்வெட்டுகளில் ஆளியைத் தாங்கி நின்ற மின்கலப் பெட்டியும் அன்று வற்றிவிட்டது.

திங்கள் காலை, கொழுந்து பறித்துக் காய்த்த கைகளோடு ஓர் அம்மையார் வந்தார். காலங்கடந்த பிறப்புப் பதிவுக்காகத் தம் சேர்வுப் பக்கத்தின் பிரதி வேண்டும் என்றார். கணினியைத் திறந்தேன், சேமிப்புப் பெட்டியைக் காணவில்லை. ஆளியின் மின்னிணைப்பைப் பிடுங்கி மீண்டும் செருகினேன். விளக்கு செம்மஞ்சளாக எரிந்தது. பழுது என்றெண்ணி மறுபடி பிடுங்கினேன். மூன்றாம் முறை கைசோர்ந்து விட்டுவிட்டபோது விளக்குகள் யாவும் பச்சையாயின. அப்போதும் சேமிப்புப் பெட்டி தென்படவில்லை. பெட்டியின் பின்புறம் ஊசி நுழையுமளவு துளையொன்று உண்டு. அதனுள் நெடுநேரம் அழுத்தினால் பெட்டி தன் அமைப்புகளை மறந்துவிடும். புதிதாகத் தொடங்கவா என்று பின்னர் அது வினவும்போது, அறியாதவன் ஆம் என்று விடையிறுத்தால் உள்ளிருப்பனவும் அழியும். ஊசியைக் கையில் எடுத்தும் விட்டேன்.

எடுத்தவன் ஏனோ கொழும்பிலுள்ள என் பழைய மாணவன் ஒருவனை அழைத்தேன். அவன் பெரும் சேமிப்பு வலையமைப்புகளைப் பராமரிக்கும் தொழிலில் உள்ளவன்.

"சேர், ஊசியைக் கீழே வையுங்கள்," என்றான். "ஆளி எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்று முதலில் கேளுங்கள்."

அவன் சொல்லச் சொல்ல, எழுத்தெழுத்தாகத் தட்டெழுதினேன். நான்கு நிமிடம் என விடை வந்தது.

"நீங்கள்தான் எழுப்பினீர்களா?"

"ஆம் தம்பி, மூன்று முறை."

மறுமுனையில் பெருமூச்சுக் கேட்டது. நடந்தவற்றை ஆளி தன் தற்காலிக நினைவில் எழுதி வைத்திருந்திருக்கும். ஒவ்வொரு முறை பிடுங்கும்போதும் அக்குறிப்பை யானே அழித்துவிட்டேன். செம்மஞ்சள் ஒளியும் பழுதன்றாம். செய்திகள் வட்டமிட்டுச் சுழலும் பாதை ஏதும் உண்டா என ஆளி முப்பது விநாடி ஆராயும் காலமாம் அது. அம்முறையை 1985இல் வகுத்தவர் ரேடியா பேர்ள்மன் என்னும் அமெரிக்க அம்மையார்; வகுத்ததோடு அமையாது, அதனைச் செய்யுளாகவும் பாடிவைத்தாராம். நன்னூல் கற்பிக்கும் எனக்கு அச்செய்தி அவ்வேளையிலும் இனித்தது.

பின்னர் வாயில்களின் பட்டியலைக் கேட்டோம். சேமிப்புப் பெட்டி செருகப்பட்டிருந்த பதினோராம் வாயில் இணைந்தே இருந்தது. ஆனால் அது மாணவர் கணினிகளுக்குரிய இருபதாம் பிரிவில் நின்றது. அலுவலகமோ பத்தாம் பிரிவு. பச்சை விளக்கு கம்பி பொருந்தியதைக் கூறுமேயன்றி, யாரோடு பேச விடப்பட்டது என்பதைக் கூறாது.

தவறு என்னுடையது. சில மாதங்களுக்கு முன் ஐந்தாம் வாயில் பழுதுற்றபோது கம்பியைப் பதினொன்றுக்கு மாற்றி, அவ்வாயிலைப் பத்தாம் பிரிவிற் சேர்த்தவன் யானே. அம்மாற்றத்தை நிலையான நினைவில் எழுதிவை என்னும் கட்டளையை மட்டும் இடவில்லை. ஆளி அதனை விழித்திருந்தவரை நினைவில் வைத்திருந்து, ஞாயிறன்று உறங்கியபோது மறந்துவிட்டது.

"எங்களிடம் ஒவ்வொரு சேமிப்புக்கும் இரு ஆளிகள், இரு பாதைகள். ஒன்றை மறுதொடக்குமுன் மற்றப் பாதையில் எல்லாம் தெரிகின்றனவா என்று பார்ப்போம்; எழுந்தபின் மறுபடி எண்ணிப் பார்ப்போம்; அதன்பிறகே இரண்டாவதைத் தொடுவோம்," என்றான். எமக்கு ஓர் ஆளிக்கே நன்கொடை திரட்ட வேண்டியிருந்ததை அவன் அறிவான்.

வாயிலைப் பிரிவு மாற்றினோம், எழுதிவைத்தோம். இடாப்பின் பக்கம் திரையில் விரிந்தது. அம்மையாரால் வாசிக்க இயலவில்லை. தந்தையார் பெயரை யான் படித்துக் காட்டியதும், "அந்த எழுத்து எது ஐயா?" என்று கேட்டுத் திரையைத் தொட்டார். இரண்டு பிரதி வேண்டும் என்றார், ஒன்று மகளுக்காம்.

செவ்வாய் மாலைக்கு ஒன்றரை மணி நேர மின்வெட்டு அறிவித்திருந்தார்கள். பாடசாலை விட்டபின் யான் வீடு செல்லவில்லை. ஆளியை மின்கலப் பெட்டியிலிருந்து கழற்றிச் சுவரில் நேரே செருகிவிட்டுக் காத்திருந்தேன். மின்சாரம் போயிற்று, வந்தது. செம்மஞ்சள் விளக்கின்முன் முப்பது விநாடி கைகட்டி நின்றேன். பின்னர் அதே பக்கத்தைத் திறந்தேன். இருந்தது.