ஆறு இல்லாத ஊர்ல 347 கிலோமீட்டர் தண்ணி!

மெக்ஸிகோவில் வடக்கு யுகாட்டன் பக்கம் மேப்பை எப்படித் திருப்பிப் பார்த்தாலும் ஒரு ஆறு சிக்காது பாஸ். மழை இல்லையான்னு கேட்டா, கொட்டோ கொட்டுன்னு கொட்டும். ஆனா, தரை முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. கார்பன் டை ஆக்ஸைடு கலந்து லேசா அமிலமாகுற மழைத் தண்ணி, பாறையைக் கரைச்சு, குடைஞ்சு, உள்ளேயே ஓட ஆரம்பிச்சுடுது. குகையோட கூரை இடிஞ்சு விழுந்த இடமெல்லாம் பெரிய கிணறு மாதிரி நீலமா ஒரு பள்ளம். செனோட்டேன்னு பேர். ஆயிரக்கணக்குல இருக்கு.

இந்தப் பள்ளமும் அந்தப் பள்ளமும் உள்ளுக்குள்ளே சொந்தக்காரங்களான்னு தெரியணும்னா, ஆள் முங்கித்தான் பார்க்கணும். கும்மிருட்டு. டைவர்கள் பின்னாடியே நூல் விட்டுக்கிட்டுப் போவாங்க. அதைப் பிடிச்சுத்தான் திரும்பணும். சிலிண்டர் காத்துல மூணுல ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, மிச்சம் ஆபத்துக்கு. (நம்ம பாக்கெட் மணிக்கும் யாராவது இந்த ரூல் போட்டா தேவலை!)

இப்படித் தேடித் தேடி, சாக் ஆக்டுன், தோஸ் ஓஹோஸ்னு ரெண்டு குகையும் ஒண்ணுதான்னு 2018 ஜனவரியில கண்டுபிடிச்சாங்க. மொத்தம் 347 கிலோமீட்டர்! ரெண்டு குகை சேர்ந்தா பெருசோட பேர்தான் நிக்குமாம். சின்னதுக்கு இனிஷியல் போச்சு. அங்கேயுமா மக்களே?

அந்த சாக் ஆக்டுன் உள்ளே ஒரு பெரும் பள்ளத்துல, 2007-ல ஒரு டீன் ஏஜ் பொண்ணோட எலும்புக்கூடு கிடைச்சது. 12,000 வருஷத்துக்கும் மேல பழசு. பனி யுகத்துல கடல் மட்டம் கீழே இருந்தப்போ குகை காய்ஞ்சு கிடந்திருக்கு. அவ நடந்தே போயிருக்கா.

நான் சிவில் படிக்கிறேன். கெட்டியான பாறையில பைல் உட்கார்ந்தா நிம்மதின்னு செமஸ்டர் பேப்பர்ல எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. அங்கே பாறைக்குக் கீழேதான் கதையே! கான்கூன் - துலும் ரயில் பாதையை 2022-ல காட்டுக்குள்ளே திருப்பினாங்க. குகைக் கூரையைத் துளைச்சுக்கிட்டு இரும்புக் குழாய்கள் இறங்குச்சு; உள்ளே கான்கிரீட். சொட்டுச் சொட்டா வளர்ந்த கல் விழுதுகளுக்கு நடுவுல துருப்பிடிச்ச அந்தக் குழாயை வீடியோவுல பார்த்ததுல இருந்து மனசு சரியில்லை. எனக்கு ரயிலும் பிடிக்கும், அதைப் போடுற வேலையும் வேணும். ஆனா, அந்த டிராயிங் என் டேபிளுக்கு வந்தா, நூல் பிடிச்சுப் போன டைவரைக் கூப்பிட்டுக் கேட்காம கையெழுத்து போடுவேனா?

ரயிலுக்கு முன்னாடியே அந்தத் தண்ணிக்கு வியாதி வந்தாச்சு. கடற்கரை ஓரக் குகைகள்ல செஞ்ச ஒரு ஆய்வு 2011-ல வந்தது. மாத்திரை மருந்து, ஷாம்பு, டூத்பேஸ்ட், பூச்சிமருந்துன்னு எல்லாத்தோட கெமிக்கலும் சிக்கியிருக்கு. மேலே ஹோட்டல், கீழே ஓட்டை. ஊர்க்காரங்க குடிக்கிறதும் இந்த நிலத்தடித் தண்ணிதான். மிச்சம் அப்படியே கடலுக்குப் போய், பவளப்பாறைகளுக்கு நடுவுல கலக்குது.