புகைக்கூண்டைப் பார்க்க யாரைக் கூப்பிடுவது?

மலையகத்தில் விறகு எரியாத லயக் காம்பிராக்கள் குறைவு. கேஸ் சிலிண்டர் வாங்கி வைத்திருந்த வீடுகளில்கூட 2022 இல் வரிசையில் நின்று அலுத்துப்போய் மறுபடி மிலாறு பொறுக்கத் தொடங்கினோம். (கவ்வாத்து வெட்டும்போது விழும் தேயிலைக் குச்சியைத்தான் மிலாறு என்போம். வடக்கு, கிழக்குச் சகோதரிகளுக்காகச் சொல்கிறேன்.) அடுப்பைப் பற்றியும் விறகைப் பற்றியும் நாம் நிறையப் பேசுகிறோம். அடுப்புக்கு மேலே நிற்கிற புகைக்கூண்டை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை.

எங்கள் வீடு ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்தில் இருக்கிறது. குசினியைப் பின்பக்கமாக இழுத்துக் கட்டிய காலத்தில் என் கணவர் செங்கல்லில் ஒரு புகைக்கூண்டு எழுப்பினார். அவர் காலமாகிப் பல வருடங்கள். போன வருட மழைக்காலத்தில் அந்தக் கூண்டு புகையை மேலே விடாமல் வீட்டுக்குள்ளேயே தள்ள ஆரம்பித்தது. என் பேத்திக்கு ஏற்கனவே இழுப்பு இருக்கிறது. இராச்சாப்பாடு சமைத்து முடிவதற்குள் அவளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும், எனக்குத் தலையிடிக்கும். அவளுக்கு மருந்து எழுதிய டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "வீட்ல எதுல சமைக்கிறீங்க?" என்பதுதான்.

என் நாத்தனார் வன்னியிலிருந்து வந்து எங்களோடு கொஞ்ச நாள் இருந்தாள். 1977 கலவரத்தின் பின் கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறிய மலையகக் குடும்பங்களில் அவளுடையதும் ஒன்று. "அங்க குசினி தனியா நிக்கும் அண்ணி. கிடுகுக்குள்ளால புகை தானா போயிரும். இங்க குளிருக்குப் பயந்து எல்லாத்தையும் அடைச்சுல்ல வச்சிருக்கீங்க" என்றாள். அவள் சொன்னது சரி. இங்கே கூண்டு பழுதானால் புகைக்கு வேறு வழியே இல்லை. 2020 இல் வீட்டுக்குள் எழும் சமையல் புகையால் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அடுப்படியிலேயே நிற்பவர்கள் பெண்களும் அவர்களின் காலைச் சுற்றும் பிள்ளைகளும்தானே.

கூண்டு புகையை இழுப்பது சூட்டினால். சூடான காற்று இலேசாகி மேலே ஏறும்போது புகையையும் கொண்டு போகும். ஈர விறகைப் போட்டு மெதுவாக எரித்தால் புகை கூண்டின் குளிர்ந்த சுவரில் பட்டுத் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். மழைநாட்டு விறகு என்றைக்குக் காய்ந்தது? அந்தத் தார் தடித்தால் வழி குறுகும், ஒருநாள் அதுவே தீப்பிடிக்கவும் கூடும். வெடித்த செங்கல் இடுக்கால் அந்தத் தீ கூரை மரத்துக்குப் போனால் ஒரு வீட்டோடு நிற்காது. லயத்தில் எல்லாக் காம்பிராவுக்கும் ஒரே கூரை.

சரி, யாரைக் கூப்பிடுவது? ஜேர்மனியில் உறவினர் உள்ள சகோதரிகள் கேட்டுப் பாருங்கள். அங்கே புகைக்கூண்டு பார்ப்பது படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிற தொழில். ஒவ்வொரு பகுதிக்கும் அதிகாரம் பெற்ற ஒருவர் இருக்கிறார். அவர் ஏழு வருடத்துக்குள் இரண்டு தடவை வீட்டு அடுப்புகளைச் சோதிக்க வேண்டும் என்பது சட்டம். அவரை வழியில் கண்டால் அதிர்ஷ்டம் என்றும் அங்குள்ளவர்கள் நம்புகிறார்கள். இங்கிலாந்தில் முன்பு கூண்டுக்குள் சின்னப் பையன்களை ஏற்றித் துடைத்தார்கள். 1875 இல் ஜோர்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் அப்படி இறுகி இறந்த பிறகுதான், கூண்டு துடைப்பவர்கள் பொலிஸாரிடம் அனுமதி பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. தங்கள் நாட்டுக் குளிருக்குப் பழகிய தொரைமார் நுவரெலியாவிலும் டிக்கோயாவிலும் பங்களாக்களுக்குக் கூண்டு வைத்துக் கட்டினார்கள். லயத்துக்கு அந்த அக்கறை வரவில்லை.

நமக்கு அப்படி ஒரு தொழிலாளி இல்லை. இருப்பது மேசன் பாஸ்மார்தான். நான் கூப்பிட்ட முதலாமவர் வாசலில் நின்றபடியே, "முழுசா உடைச்சுக் கட்டணும்" என்று சொல்லி பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்டார். வீட்டில் ஆம்பிளை யாரும் இல்லையா என்றும் கேட்டார். அந்தக் கேள்வியே எனக்குப் போதும், அனுப்பிவிட்டேன். இரண்டாமவர் கூண்டே வேண்டாம், தகரக் குழாய் போடலாம் என்றார். சூடேறும் தகரத்துக்கும் கூரை மரத்துக்கும் எவ்வளவு இடைவெளி விடுவீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

கடைசியில் பங்களாவில் அப்புவாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவரிடம் போனேன். வருடா வருடம் பங்களாக் கூண்டைத் துடைக்க ஆள் பிடித்தவர் அவர்தான். அவர் பக்கத்து டிவிசனிலிருந்து ஒரு பாஸை அனுப்பினார். சுமார் நாற்பது வயது, தொழிற்பயிற்சிச் சான்றிதழும் வைத்திருந்தார். ஆனால் நான் நம்பியது சான்றிதழைப் பார்த்து இல்லை, அவர் வேலை செய்த விதத்தைப் பார்த்துத்தான். "நாளைக்குக் காலைல அடுப்பு பத்த வைக்காதீங்க அக்கா" என்று முதல் நாளே சொல்லி அனுப்பினார். வந்ததும் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அடுப்பு வாயில் பிடித்தார். கூண்டு நன்றாக இருந்தால் அந்தப் புகை உள்ளே இழுபடுமாம். எங்கள் வீட்டில் அது முகத்துக்கு வந்தது. பிறகு முகம் பார்க்கும் கண்ணாடியைக் கீழே வைத்து மேலே பார்க்கச் சொன்னார். நேரான கூண்டு என்றால் வானம் தெரிய வேண்டும். எனக்கு இருட்டுத்தான் தெரிந்தது.

சீட்டில் அவர் கால் வைக்கவில்லை. கூரை மரம் போகிற வரிசையில் பலகை போட்டு அதில் ஏறினார். பழைய சீட்டில் மிதித்தால் ஆள் விழுவதோடு, உடையும் சீட்டின் தூசியும் நெஞ்சுக்கு ஆகாது. மேலே ஒரு குருவிக்கூடும் விரல் தடிப்புக்குக் கரியும் இருந்தன. கூரைக்கு வெளியே இரண்டு வரிசைச் செங்கல் வெடித்திருந்தது. அதோடு கூண்டு கூரை முகட்டை விடப் பணிந்து நின்றது. பத்து அடிக்குள் இருக்கிற எதையும் விட இரண்டு அடியாவது உயர்ந்து நிற்க வேண்டும், இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி அடிக்கும் என்று விளக்கினார். உடைத்துக் கட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. தும்புத்தடித் தலையை மூங்கிலில் கட்டித் துடைத்து, வெடிப்பைப் பூசி, மேலே உயர்த்திக் கட்டினார். இரண்டு நாள் கூலியும் கொஞ்சம் செங்கல்லும் ஒரு மூடை சீமெந்தும் முடிந்தது. கூலியை நாள் முடிவில் கொடுத்தேன். முன்பணம் அவர் கேட்கவில்லை.

துடைக்கிற நேரம் அடுப்பு வாயை ஈரச் சாக்கால் மூடிப் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுங்கள். கரியைச் சும்மா நினைக்கக் கூடாது. கூண்டு துடைத்தவர்களுக்கு வந்த புற்றுநோய்க்கு அதுதான் காரணம் என்று 1775 இலேயே பெர்சிவல் பொட் என்ற லண்டன் வைத்தியர் எழுதிவிட்டார்.

கூண்டே இல்லாத வீட்டுச் சகோதரிகள் அனகி அடுப்பு வாங்கினால் மூன்று கல் அடுப்பை விட விறகு மிச்சம். ஆனால் அதற்கும் கூண்டு கிடையாது. யன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும். குளிருக்குக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவை அடைத்துப் படுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். தணலில் இருந்து வரும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலையிடி, மயக்கம், வாந்தி வரும். தூங்குகிறவருக்கு அதுவும் தெரியாமல் உயிர் போய்விடும்.

இந்த முறை எங்கள் லயத்தில் ஐந்து வீட்டார் சேர்ந்து அதே பாஸை ஒரே நாளில் கூப்பிட்டிருக்கிறோம். ஏணியும் பலகையும் பொது, கூலியைப் பிரித்துக் கொடுப்போம். தீபாவளி கழிந்த முதல் ஞாயிறு வருகிறேன் என்றிருக்கிறார்.